முதல் வீட்டு விளக்கு

அக்டோபர் 10, திங்கள்

மழை விடவில்லை. டிஸ்பென்சரியில் சளி, காய்ச்சல், அட்டை கடித்துப் புண்ணான கால்கள். ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மருமகள்தான் காரணம் என்று அவரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டதால், எனக்கு மாத்திரை கொடுக்கிற வேலை மட்டும்தான் மிச்சம்.

மகள் பிரசவத்துக்காகக் கிரேஸ் கோவைக்குப் போனதிலிருந்து என் சாயங்காலங்கள் என் கையில். வாசல் சுவரில், விளக்குக்கு நேர் கீழே, அவளுடைய பழைய வெள்ளைச் சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் வந்து உட்காருகிற அந்துப்பூச்சிகளைப் போனில் படம் பிடிப்பேன். பிறகு அவற்றின் பெயரைத் தேடுவேன். சேலை விஷயம் அவளுக்குத் தெரிந்தால் பூச்சிகளோடு சேர்த்து என்னையும் விரட்டுவாள். உள்ளங்கை அகலத்துக்கு வருகிற பெரிய பூச்சிகளில் எனக்கு ஆர்வமில்லை, அவற்றை யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கிறதே, அதுதான் ஆளைச் சோதிக்கும். இன்று வந்ததில் ஒன்று இறக்கைகளைக் குறுக்கே குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு உட்காருகிற வகை. இன்னொன்று அசல் பறவை எச்சம், தொட்டால்தான் பறந்தது.

மூன்றாவதாக ஒன்று வந்தது. வெளிறின வைக்கோல் நிறம். லேசான வெள்ளிப் பளபளப்பு. இறக்கையில் ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. என்னிடம் இருக்கிற எந்தப் படத்தோடும் ஒத்துவரவில்லை. உட்கார்ந்தால்தானே படம் எடுக்க? பல்பைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விட்டது.

மதியம் எலெக்ட்ரீசியன் வந்து வாசல் பல்பை மாற்றினான். இரவுக் காவல் பார்க்கிற வாட்சர் தவசி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "வெளிச்சம் இருக்கயிலேயே முடிச்சிரு தம்பி, இருட்டுனா இந்த லைட்டு எரிஞ்சாகணும்" என்று அவனை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் கவலை நியாயமானது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளை இந்த மலையில் பாடி என்பார்கள். எங்கள் பாடியில் முதல் வீடு கம்பவுண்டர் வீடு, அதாவது என் வீடு. தேயிலை பாக்டரியில் இரவு ஷிப்டு முடிந்து நடந்து வருகிறவர்களுக்கு, வளைவு திரும்பியதும் முதலில் தெரிவது என் வாசல் விளக்கு. அது எரிந்தால் பாதை சுத்தம், நேராக வரலாம். அணைந்திருந்தால் பாடிப் பக்கம் யானை நிற்கிறது என்று அர்த்தம். உடனே திரும்பி, மேட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் ஒருவரை யானை மிதித்துக் கொன்ற பிறகு இவர்களே செய்துகொண்ட ஏற்பாடு. போன் பண்ணினால் போதாதா என்று வந்த புதிதில் கேட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடையாதாம். ஸ்விட்ச் வாசலில் வெளியே இருக்கிறது. யார் கைக்கும் எட்டும், ஆனால் தவசி தவிர யாரும் தொடமாட்டார்கள்.

அக்டோபர் 11, செவ்வாய்

அதே பூச்சி மறுபடி வந்தது. உட்காரவில்லை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கோவையில் கல்லூரி ஆசிரியை தமயந்தி மேடம் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில், "இதுவரை யாரும் பார்க்காத ஒன்று என்று நினைக்கிறேன்" என்று எழுதினேன். "படம் அனுப்புங்க சார், அப்புறம் பேசலாம்" என்று பதில் வந்தது. ரோஷமாக இருந்தது.

அக்டோபர் 12, புதன்

மாட்டிவிட்டான்!

பத்து மணிக்கு மேல் ஷிப்டு ஆட்கள் டார்ச் அடித்துக்கொண்டு வாசலைக் கடந்து போனார்கள். மழையில் தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்ததால் முகம் தெரியவில்லை. அதன் பிறகு பாதையில் ஆளரவம் இல்லை. தவசி பாடியின் மறுகோடியில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார். என் ஆளோ பல்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். வெளிச்சம் இருக்கிறவரை உட்காரமாட்டான், வெளிச்சம் போனால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் சேலையில் வந்து உட்கார்ந்தான், சின்னக் கோயில் மணியைப் படுக்கவைத்த மாதிரி. போன் டார்ச்சைக் கைக்குட்டையால் மூடி மங்கலாக்கி எடுத்தேன். நல்ல தெளிவு. உடனே விளக்கைப் போட்டால் பாவம் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும், நிம்மதியாகப் போகட்டும் என்று உள்ளே போய்க் கடுங்காப்பி போட்டுக் குடித்தேன். பிறகுதான் விளக்கைப் போட்டேன். சேலையில் இல்லை, போய்விட்டிருந்தது.

படத்தை மேடத்துக்கு அனுப்பியாயிற்று. இப்போது பேசட்டும்.

அக்டோபர் 13, வியாழன்

விடிவதற்கு முன் கதவைத் தட்டினார்கள். மேட்டுப் பாதையில் யானை. சங்கையா.

அதே நாள், மாலை

சங்கையா பாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் மெஷினில் வேலை பார்ப்பவர். நேற்று மெஷின் கோளாறாகி, மற்றவர்கள் கிளம்பிய பிறகும் தனியாக இருந்து சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறார். மேட்டுப் பாதையில், யூகலிப்டஸ் முடிகிற இடத்தில் யானை நின்றிருக்கிறது. கம்பளியில் தூக்கி வந்தார்கள். இடது தொடை எலும்பு முறிந்திருந்தது, முழங்காலுக்கு மேலே ஆழமான கிழிசல். கட்டைவைத்துக் கட்டினேன், ஊசி போட்டேன். எஸ்டேட் ஜீப்பில் பொள்ளாச்சிக்கு அனுப்பினோம். அவர் மனைவி பேச்சி ஜீப்பில் ஏறும்வரை அழவில்லை.

கட்டும்போது சங்கையா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "லைட்டு இல்ல சார். கீழதான் நிக்குதுன்னு நெனச்சேன். அதான் எம்பாட்டுக்கு மேல போனேன்."

"பேசாம படுங்க" என்றேன். அந்த நிலையில் நோயாளி பேசக் கூடாது. மருத்துவ முறைப்படி அதுதான் சரி.

அக்டோபர் 14, வெள்ளி

பாடி முழுக்க ஒரே பேச்சு. அன்று பாடிப் பக்கம் யானையே வரவில்லை, பிறகு ஏன் விளக்கு அணைந்தது? கரண்ட் போகவில்லை, பாக்டரியில் பதிவு இருக்கிறது. ஆக, தவசி அணைத்திருக்க வேண்டும். குடித்திருப்பார் என்று சிலர். தூக்கக் கலக்கத்தில் மாட்டைப் பார்த்து யானை என்று நினைத்திருப்பார் என்று சிலர்.

ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேனேஜர் துரை மரியாதையாக நாற்காலி கொடுத்தார். "ஜெபமணி, தவசி உங்க வாசலுக்கு வந்தது தெரியுமா? ஏதாவது சத்தம் கேட்டுதா?"

ஒன்பதரைக்கே படுத்துவிடுகிற ஆள் நான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தூங்கிவிட்டேன் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

சேலையை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டேன். மழையில் காயவில்லை. ஊறுகாய் ஜாடியில் பூசணம், மேல்பகுதியை வழித்து எறிந்தேன். சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி.

கிரேஸ் போன் செய்தாள். புதிதாகப் பிறந்த பேத்திக்கு மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதாம். அப்புறம், "ஏங்க, யானை அடிச்சிருச்சாமே? நம்ம வீட்டு லைட்ட யாரோ அணைச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. யாருங்க அது?" என்றாள்.

"விசாரிக்கிறாங்க" என்றேன்.

"நீங்க பத்திரமா இருங்க. ராத்திரியில வெளிய நின்னு அந்தப் பூச்சியப் பாக்குறேன்னு நிக்காதீங்க."

அக்டோபர் 18, செவ்வாய்

தவசியை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி விசாரணை. தப்பு நிரூபணமானால் வேலையும் போகும், வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது அவருக்கு. அவருக்கு மலைக்குக் கீழே நிலமோ வீடோ கிடையாது.

எனக்கும்தான் கிடையாது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, வியாழன்

ஒன்றுமில்லை. மழை.

அக்டோபர் 22, சனி

சங்கையாவை நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தொடையில் தகடு வைத்திருக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போய்க் கட்டு மாற்ற வேண்டும். இனி டிரையர் முன்னால் நாள் முழுக்க நிற்க முடியுமா என்று அவர் கேட்டார். பார்க்கலாம் என்றேன். முடியாது.

கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி கட்டுகிறவரை அவர் தவசியைத் திட்டிக்கொண்டே இருந்தார். "அந்தாளு கூடத்தான் சார் நான் தீபாவளிக்குத் தீபாவளி கறி வாங்கப் போவேன். எப்படி சார் மனசு வந்துச்சு?" பேச்சி அடுப்படியிலிருந்து, "வேணும்னா செஞ்சாரு? கண்ணு தெரியாம செஞ்சிருப்பாரு, விடுங்க" என்றார். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். இவர்கள் வீட்டு டீ நன்றாக இருக்கும். பாதியில் வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது பேச்சி ஒரு தீப்பெட்டியை நீட்டினார். "நீங்க இதெல்லாம் பாப்பீங்களாமே சார். ராத்திரி எங்க பல்புல கெடந்துச்சு. காசு வாங்க மாட்டேங்கிறீங்க, வேற என்னத்த குடுக்க?"

உள்ளே ஒரு அந்துப்பூச்சி. பாதையில் வரும்போது திறந்துவிட்டேன். என்ன வகை என்று பார்க்கவில்லை.

அக்டோபர் 24, திங்கள், தீபாவளி

பாடியில் வெடிச் சத்தம் குறைவு. தட்டுகளில் பலகாரம் வந்தது. மத்தியானம் தவசி வந்தார். புதுச் சட்டை போடவில்லை. உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார், ஸ்விட்சுக்குப் பக்கத்தில்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க அண்ணே."

"அன்னிக்கு ராத்திரி நான் இங்க வந்தேனா?"

எனக்குப் புரியவில்லை. இல்லை, புரியாத மாதிரி நின்றேன்.

"எனக்கு நெருப்புகிட்ட உக்காந்திருந்ததுதான் ஞாபகம் இருக்கு. எந்திரிச்சு வந்த ஞாபகமே இல்ல. ஆனா எல்லாரும் சொல்றாங்க. எம் பொண்டாட்டியே சொல்றா, நீ மறந்திருப்பய்யா, ஒனக்கு இப்பல்லாம் மறதிங்கிறா. கெணத்தடியில சோப்ப வச்சிட்டு வந்துர்றேன், அது நெசந்தான். அப்பிடி வந்து அணைச்சிட்டு, நானே மறந்துட்டேனோ? எங்கப்பாவுக்கும் கடைசியில இப்பிடித்தான் ஆச்சு. நீங்க வைத்தியம் தெரிஞ்சவரு. அப்பிடி ஆகுமா சார்?"

ஆகாது அண்ணே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாரே.

"எனக்கும் ஞாபகம் இல்ல, நான் தூங்கிட்டேன்" என்றேன்.

"வயசானா ஆகும்தான" என்று அவரே தலையை ஆட்டிக்கொண்டார். சத்து மாத்திரை கொடுத்தனுப்பினேன். சத்து மாத்திரை! என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 27, வியாழன்

தமயந்தி மேடத்திடமிருந்து பதில். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"சார், தாமதத்துக்கு மன்னிக்கணும். இது புதுசு இல்லை. தேயிலை இலைச்சுருட்டிப் புழுவோட அந்துப்பூச்சி. பறந்து பறந்து இறக்கையில இருந்த செதில் எல்லாம் உதிர்ந்துபோச்சு, அதனால கோடு தெரியாம வேற இனம் மாதிரி இருக்கு. தேய்ஞ்ச பூச்சியைப் பார்த்து ஏமாறாதவங்க யாருமே இல்லை, வருத்தப்படாதீங்க. உங்க எஸ்டேட்லயே ஆயிரக்கணக்குல இருக்கும்."

இருக்கும். இருக்கிறது. அதைக் கொல்வதற்காக மருந்து வருகிறது. அந்த மருந்தை அடித்துக் கண் எரிச்சலோடு வருகிறவர்களுக்கு நான்தான் சொட்டு மருந்து போடுகிறேன். போனவாரம்கூட இரண்டு பேருக்குப் போட்டேன். அது நிம்மதியாகப் பறந்து போகட்டும் என்றுதான் அன்று இருட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

அக்டோபர் 29, சனி

பயமாக இருக்கிறது. வேலை போனால் இந்த வயதில் எந்த மருந்துக் கடையில் போய் நிற்பது? போலீஸ் கேஸ் ஆகுமா? கிரேசிடம் என்ன சொல்வது, பேத்தி வந்ததும் முதல் செய்தியாக இதையா? இரவு முழுக்க இதையே யோசித்தேன். காலையில் சவரம் செய்யும்போதுதான் உறைத்தது, இத்தனை யோசனையில் சங்கையாவின் கால் ஒருதரம்கூட வரவில்லை.

நவம்பர் 1, செவ்வாய்

சங்கையா வீட்டில் சொல்லிவிட்டேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. காயத்தில் மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். சங்கையா வழக்கம்போல ஆரம்பித்தார். "நாளைக்கு விசாரணைக்கு என்னயத் தூக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கேன் சார். அந்தாளு மொகத்தப் பாத்து நாலு வார்த்த கேக்கணும்."

"அவரக் கேக்காதீங்க. அணைச்சது நான்" என்றேன்.

கை மட்டும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பேச்சி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் போய்விட்டதாக நினைத்தது, பூச்சி, படம், காப்பி வரைக்கும்.

"எந்தப் பூச்சி?" என்றார் பேச்சி.

போனை எடுத்துக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்னது?"

"இலைச்சுருட்டிப் புழுவோட பூச்சி."

"மருந்தடிக்கிறமே, அதா?"

"அதான்."

"இதுக்கா சார்?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். போனைத் திருப்பி என் கையில் தரவில்லை, ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். சங்கையா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாதியில விடாதீங்க. கட்டிட்டுப் போங்க."

கட்டினேன்.

நவம்பர் 2, புதன்

விசாரணையில் முதலில் நானே எழுந்து சொன்னேன். முதல் தடவை சொன்னது பொய் என்றும் சொன்னேன். மேனேஜர் துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஜெபமணி, யோசிச்சுத்தான் பேசறீங்களா?" என்றார். யூனியன்காரர் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. எழுதி வாங்கிக்கொண்டார்கள். தவசிக்கு நாளை முதல் வேலை. என் விஷயம் கோவை ஆபீசுக்குப் போகிறது. மாற்று ஆள் வரும்வரை டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகு நான் இங்கே இருக்கமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெளியே தவசி நின்றிருந்தார். காலில் விழுந்தாலும் தப்பில்லை என்ற நினைப்போடுதான் போனேன்.

"லைட்ட அணைச்சீங்க, அது தெரியாம நடந்தது. எம்பேர்ல பழி வந்துச்சு, வேலையும் போச்சு, அதக்கூட விடுங்க" என்றார். "தீபாவளியன்னிக்கு உங்க வாசல்ல வந்து கேட்டேனே சார். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு கேட்டேனே. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அன்னயிலருந்து நான் அடுப்ப அணைச்சேனா, கதவச் சாத்துனேனான்னு பத்துத் தடவ எந்திரிச்சுப் பாக்கேன். எம் புத்திய நானே நம்பாமப் பண்ணிட்டீங்களே."



நவம்பர் 3, வியாழன்

கிரேசிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "வந்துருங்க. முதல்ல அந்தாளு காலு ஆறுற வரைக்கும் கட்டு மாத்திட்டு, அப்புறம் வாங்க" என்றாள்.

நவம்பர் 5, சனி

இன்றும் சங்கையா வீட்டுக் கதவைத் தட்டப் பயமாக இருந்தது. பேச்சி திறந்தார். சுடுதண்ணீர் வைத்தார். டீ தரவில்லை. காயம் காய்ந்து வருகிறது.

நவம்பர் 6, ஞாயிறு

தவசி இப்போது ஷிப்டு முடிகிற நேரத்துக்கு என் வாசலுக்கு வந்துவிடுகிறார். படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வளைவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் கேட்டாலும், "பாக்கணும்ல" என்பதோடு சரி. நேற்றுக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போய் அப்படியே இருந்தது. இன்று வைக்கவில்லை.

இன்று மழை இல்லாததால் விளக்கில் நல்ல கூட்டம். கதவோரம் நின்று நானும் வளைவைப் பார்த்தேன். டார்ச்சுகள் ஒவ்வொன்றாக வந்தன. தவசி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒவ்வொருவரும் பதில் குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கடைசி ஆள் சற்றுப் பிந்தி வந்தான். அவன் வருகிறவரை தவசி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவன் போன பிறகு எழுந்து கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாரும் வந்தாச்சு. இனி வேணும்னா அணைச்சுக்கங்க."

பாடியின் மறுகோடிக்கு அவர் நடந்து போகிறவரை நின்றேன். சின்னதும் பெரிதுமாகப் பூச்சிகள் சுற்றிக்கொண்டிருந்தன. விளக்கை அணைக்கவில்லை.